நல்ல சூப்பர்வைசரைக் கண்டுபிடிப்பதும் வளர்ப்பதும்: சிங்கப்பூரில் சின்னக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு

பத்து வருடங்களுக்கு முன்பு, எங்களிடம் இருந்ததிலேயே கெட்டிக்கார ஏர்கான் டெக்னிஷியனைச் சூப்பர்வைசர் ஆக்கினேன். சில்லர் (பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார், அப்படி ஒரு காது. எட்டே மாதம். காலையில் யாரை எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவது என்று பிரிக்கத் தெரியாமல் திணறினார், புதுப் பையன்கள் மெதுவாகச் செய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்பேனரைப் பிடுங்கித் தானே செய்தார், கஸ்டமர் மின்னஞ்சல்களை அப்படியே கிடக்கவிட்டார். ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு வேறு கம்பெனிக்கு டெக்னிஷியனாகவே போய்விட்டார். எனக்குச் சூப்பர்வைசரும் போச்சு, டெக்னிஷியனும் போச்சு.

ரொம்ப நாள் அவர்மேல்தான் கோபம். பிறகுதான் உறைத்தது, அந்த மனிதர் தன்னைச் சூப்பர்வைசர் ஆக்கச் சொல்லி என்னிடம் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். முதலில் பொறுப்பு, கொஞ்ச நாள் பார்த்த பிறகு பதவிப் பட்டம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான். பதினைந்து பேரிலிருந்து எண்பது பேர் வரை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: பராமரிப்பு, லாஜிஸ்டிக்ஸ், சாப்பாட்டுக் கடை, கட்டுமானம். தனியாக எச்ஆர் துறை வைத்திருக்கும் பெரிய இடங்களில் இதற்கெல்லாம் படிவம் இருக்கும்.

படி 1: அந்த வேலை என்ன என்று முதலில் எழுதுங்கள்

'டீம் லீடர் வேண்டும்' என்று யோசிக்காதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டு, அன்று காலை ஆறரையிலிருந்து மாலை வரை அந்த ஆள் என்னென்ன செய்வார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சு), லாரியில் யார் எங்கே என்று பிரிப்பது, எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தவருக்குப் பதில் ஆள், கட்டட மேலாளரின் புகார், சாமான் ஆர்டர், மாலையில் ரிப்போர்ட். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள், அதில் எத்தனை கைவேலை, எத்தனை ஆட்களோடு பேசும் வேலை? எங்கள் தாளில் பதினான்கு வரி இருந்தது, கைவேலை இரண்டே இரண்டு. நான் தேர்ந்தெடுத்திருந்ததோ அந்த இரண்டு வரிக்கான ஆளை.

கூகல் கம்பெனி 2009 வாக்கில் தன் மேலாளர்களையே ஆராய்ந்து பார்த்தது. நல்ல மேலாளரிடம் இருக்கும் எட்டுக் குணங்களைப் பட்டியல் போட்டபோது தொழில்நுட்ப அறிவு கடைசியில்தான் வந்தது, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ப்பது முதலில் வந்தது. பொறியாளர்கள் நிரம்பிய இடத்திலேயே அப்படி. அதற்காகத் தொழில் தெரியாதவரைப் போட்டுவிடாதீர்கள், அவரைச் சைட்டில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். தொழில் போதுமான அளவு தெரிந்தால் போதும், எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டியதில்லை.

படி 2: உள்ளேயே தேடுங்கள், ஆனால் உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

முதலாளி கண்ணுக்குப் படுகிறவர்கள் மூன்று வகை: நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், நம் எதிரில் சுறுசுறுப்பாக இருப்பவர், நம்மைப் போலவே இருப்பவர். மூன்றாவது வகை ரொம்ப ஆபத்து. நம் ஆட்களிடம் இருக்கும் வியாதியை நாமே ஒப்புக்கொள்ளாவிட்டால் எப்படி? மன்னார்குடிக்காரர் ஃபோர்மேன் ஆனால் மன்னார்குடிப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், புதுக்கோட்டைக்காரர் ஆனால் புதுக்கோட்டைக்கு. பங்களாதேஷ், மியன்மார் ஆட்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானே, என் ஊர்க்காரர் என்று தெரிந்தவுடன் ஒருவரிடம் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்திருக்கிறேன்.

இதற்கு நான் பயன்படுத்தும் வழி இந்நாட்டு அரசியலிலிருந்து எடுத்தது. 2022இல் அடுத்த பிரதமரை முடிவு செய்யவேண்டி வந்தபோது, முன்னாள் அமைச்சர் காவ் பூன் வான் அமைச்சர்கள், நாடாளுமன்ற நாயகர், தொழிற்சங்கத் தலைவர் என்று 19 பேரைத் தனித்தனியாகச் சந்தித்தார். உங்களைத் தவிர யார் வரலாம் என்பதுதான் கேள்வி. 15 பேர் லாரன்ஸ் வோங்கைச் சொன்னார்கள், 2024 மே மாதம் அவர் பிரதமரானார். நாட்டுக்குப் பொருந்துவது நம் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கும் பொருந்தும். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் மூத்தவர் பெயரைத்தான் சொல்வார்கள், அல்லது கூரையைப் பார்ப்பார்கள். தனித்தனியாக, கோப்பிக்கடையில் உட்கார்ந்து, இரண்டு கேள்வி கேளுங்கள்: "வேலையில் சிக்கல் வந்தால் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் யாரைக் கூப்பிடுவீங்க?" அப்புறம், "உங்களைத் தவிர யார் சூப்பர்வைசரா வந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?" முதல் கேள்விக்கு வருகிற பதில்தான் தங்கம். நான் கேட்டபோது பன்னிரண்டில் எட்டுப் பேர் சொன்னது, நான் பட்டியலிலேயே வைத்திராத ஒருவரை. பேச்சு குறைவு, ஆங்கிலம் சுமார், ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பார்.

இது ஓட்டெடுப்பு இல்லை, முடிவு உங்களுடையதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் டார்மில், அதாவது தொழிலாளர் தங்கும் விடுதியில், பிரசாரம் தொடங்கிவிடும்.

படி 3: எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

சிங்கப்பூர்ப் பொதுச் சேவை 1980களில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை எடுத்துக்கொண்டது, லீ குவான் இயூவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அலசிப் பார்க்கும் திறன், கற்பனை, நடைமுறை அறிவு, இவற்றோடு 'ஹெலிகாப்டர் குணம்' என்று ஒன்று: மேலே பறந்து மொத்தத்தையும் பார்ப்பது, அங்கிருந்தே தேவையான ஒரு சின்ன விஷயத்தைக் கண்டுபிடித்துக் கீழே இறங்குவது. உயர் அதிகாரிகளுக்கான அளவுகோல் நம் சைட்டுக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் ஏழாவது மாடியில் குழாய் மாற்றிக்கொண்டிருக்கும்போதே, மூன்றாம் மாடியில் வேலை முடிகிற நேரத்தில் லாரி திரும்பி வருமா என்று யோசிப்பவர் இருக்கிறாரே, அவரிடம் இருப்பது அதுதான்.

நான் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்வாரா? வேலையில் மற்ற எந்தக் குறையையும் சரிசெய்துவிடலாம். உடைந்ததை மூன்று நாள் மறைத்து வைப்பவரை என்னால் சூப்பர்வைசராக வைத்துக்கொள்ள முடியவில்லை, இரண்டு முறை முயன்றுவிட்டேன்.

படி 4: பட்டம் கொடுக்காமல் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம் இது. இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், ஒருவரை மட்டும் வேண்டாம். ஒருவரை மட்டும் போட்டால் எல்லாருக்கும் அவர்தான் அடுத்த சூப்பர்வைசர் என்று ஆகிவிடும், பிறகு உங்களால் பின்வாங்க முடியாது. ஒளிக்காமல் சொல்லுங்கள்: "கொஞ்ச நாள் இதைப் பாருங்க, பிடிக்கலைன்னா சொல்லுங்க, எனக்கும் சரியாப் படலைன்னா சொல்றேன்." கூடவே கூடுதல் பொறுப்புக்கு ஒரு தொகையும் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. சும்மா வேலை வாங்கிக்கொள்வதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கை அவர் நடத்தட்டும். பேச்சு அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அன்றைய ஆபத்து எது என்று அவருக்கே தெரிகிறதா, கடைசி வரிசையில் நிற்கும் பங்களாதேஷ்காரருக்குப் புரிந்ததா என்று கேட்டு உறுதி செய்கிறாரா, அதைப் பாருங்கள். அடுத்து, வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன ஒரு பையனை அவரிடம் ஒப்படையுங்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பையனிடம் நேராகப் போய் ஒரு வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பையன் எவ்வளவு தெரிந்துகொண்டிருக்கிறான் என்பதுதான் இவருடைய மதிப்பெண். என் சில்லர்க்காரரை இப்படி ஒரு தடவை சோதித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பிறகு ஓவர்டைம் பிரிக்கும் வேலையைக் கொடுங்கள். மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கக் கூடாது என்ற சட்ட வரம்பைச் சொல்லிவிட்டு, யாருக்கு எந்த ஞாயிறு என்பதை அவரிடமே விடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நியாயமாக இருப்பவர் மற்ற இடத்திலும் இருப்பார், பெரும்பாலும். நண்பர்களுக்கே கொடுத்திருந்தால் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாரையும் விசாரிக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒரு கோபமான கஸ்டமர். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். இது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஒரு மால் மேலாளர் என் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவர் நான்கு நிமிடம் எதுவும் பேசாமல் கேட்டுவிட்டு, "இன்று நான்கு மணிக்குள் ஒன்று சரிசெய்கிறேன், மற்றொன்று நாளைக்குத்தான் முடியும்" என்றார். நானாக இருந்திருந்தால் இரண்டையும் இன்றே முடிப்பதாகச் சொல்லி மாட்டிக்கொண்டிருப்பேன்.

வாரம் ஒரு முறை பார்த்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து நினைவிலிருந்து முடிவெடுத்தால் கடைசி வாரத்தில் நடந்தது மட்டும்தான் நிற்கும்.

படி 5: வெளியிலிருந்து எடுப்பதாக இருந்தால்

உள்ளே யாருமே தேறவில்லை என்றால் மட்டும். முதலில் விதிமுறை. வெளிநாட்டு நிபுணர்களுக்கான எம்பிளாய்மெண்ட் பாஸ் அல்லது நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸில் ஆள் எடுக்கப்போகிறீர்கள் என்றால், விண்ணப்பிப்பதற்கு முன் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் இருக்கவேண்டும், பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. ஏற்கெனவே வொர்க் பெர்மிட்டில் (வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதி) இருப்பவரை எஸ் பாஸுக்கு உயர்த்த நினைப்பவர்கள் சம்பளக் கணக்கையும் பாருங்கள்: 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது கூடக் கூட அதுவும் கூடும், ஒரு கம்பெனிக்கு எஸ் பாஸில் இத்தனை பேர்தான் என்ற கோட்டா வேறு இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் ஒருவருக்கு ஆசை காட்டிவிடாதீர்கள்.

விளம்பரத்தில் 'இளைஞர்கள் மட்டும்', 'மாண்டரின் பேசுபவர் விரும்பத்தக்கது' என்றெல்லாம் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலைக்கு ஒரு மொழி உண்மையிலேயே தேவை என்றால் எதற்குத் தேவை என்று எழுதவேண்டும். அந்த மாண்டரின் வரியைப் பார்த்து எத்தனை விளம்பரங்களைத் தாண்டிப் போயிருப்போம் நாம்? அதே வரியைத் தமிழுக்கு மாற்றி நாம் போடாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்கிறார்கள். வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் எல்லாம் அதில் வருகின்றன. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டு விலக்கு. விலக்கு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இன்றைக்கே எல்லாருக்கும் உண்டு. "கல்யாணம் எப்போ?", "அடுத்த குழந்தை?" இவை நம் வீட்டு விசேஷங்களில் கேட்கும் கேள்விகள், நேர்காணல் அறையில் வேண்டாம்.

இனி நேர்காணல். அரட்டை அடித்து ஆளை எடை போடுவதில் நான் கில்லாடி என்று நினைப்பவர்கள் (நானும்தான் நினைத்தேன்) ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஸ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோதும், சாக்கெட் குழுவினர் 2022இல் அந்தக் கணக்குகளைத் திரும்பப் போட்டபோதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணல், இஷ்டத்துக்குப் பேசும் நேர்காணலை முந்தியது. 2022 கணக்கில் அதுதான் முதலிடம். ஆறு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள், எல்லாரிடமும் அதே வரிசையில் கேளுங்கள், இரண்டு பேர் உட்கார்ந்து தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள், போட்டு முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசாதீர்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று: "உங்ககிட்ட வேலை பார்த்த யாராவது பிறகு மேலே வந்தாங்களா? அவங்களுக்கு நீங்க என்ன சொல்லிக்கொடுத்தீங்க?" பதினைந்து வருட அனுபவம் என்று போட்டிருக்கும் சிலர் இங்கே அப்படியே நின்றுவிடுவார்கள்.

அப்புறம் ஒரு செய்முறைத் தேர்வு. நாளைய வேலைப் பட்டியலைக் கையில் கொடுங்கள்: பதினொரு வேலை, ஏழு ஆள், ஒருவர் எம்சி, ஒரு லாரி பணிமனையில், ஒரு கஸ்டமர் காலை ஒன்பதுக்கே வேண்டும் என்கிறார். அரை மணி நேரம், ஒரு பேனா. எதை ஒத்திவைத்தார், ஏன், அதை அந்தக் கஸ்டமரிடம் எப்படிச் சொல்வார் என்று கேளுங்கள். பதினொன்றையும் முடித்துவிடுவேன் என்பவரை நான் எடுப்பதில்லை.

படி 6: பட்டம் கொடுக்கும் நாளும் முதல் மூன்று மாதமும்

பணத்தில் ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வேலைவாய்ப்புச் சட்டத்தின் ஓவர்டைம் உரிமை, உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையும் மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரையும்தான். சூப்பர்வைசராகி, பெரும்பாலான நேரம் மேசை வேலை என்று மாறிவிட்டால் ஒருவர் இரண்டாவது வகைக்குப் போய்விடலாம். அடிப்படையில் முந்நூறு வெள்ளி கூட்டிக் கொடுத்துவிட்டு நாம் பெருமைப்படுவோம், அவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டால் ஓவர்டைம் போனதில் கையில் வருவது முன்பைவிடக் குறைவு. கடந்த ஆறு மாதம் அவர் வாங்கிய மொத்தத் தொகையை எடுத்து, புதுச் சம்பளம் அதைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடிதம் கொடுங்கள். பதவி, சம்பளம், வேலை நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அறிவிப்பைப் பொதுவில் செய்வதற்கு முந்தின நாள், கிடைக்காமல் போனவரைத் தனியாகக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், நோட்டு இருக்கிறதே.

அடுத்தது உறவு. நேற்றுவரை 'வாடா போடா' என்று பழகியவன் இன்றைக்கு மேலாள். நாற்பத்தெட்டு வயது அண்ணன் முப்பத்தொரு வயதுத் தம்பியிடம் வேலை கேட்டு நிற்கவேண்டும். எங்களிடம் இதைச் சரியாகச் செய்த ஒரு பையன், பதவி வந்த பிறகும் மூத்தவர்களை "அண்ணே, நீங்க" என்றே கூப்பிட்டான், ஆனால் வேலையைப் பிரிக்கும்போது மட்டும் கெஞ்சவும் இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. "அண்ணே, நீங்க இன்னைக்குத் தெம்பனிஸ், பத்து மணிக்குள்ள பம்ப் ரூம் முடிஞ்சிடணும்." மரியாதை சொல்லில், உறுதி நேரத்தில். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

டார்மில் ஒரே அறையில் தங்குபவர்களுக்கு இன்னும் கஷ்டம். பகலில் கண்டித்தவனோடு ராத்திரி ஒரே அடுப்பில் சமைக்கவேண்டும். முடிந்தால் அறையை மாற்றிக் கொடுங்கள். முடியாவிட்டால் முதல் மாதத்தில் கண்டிக்கவேண்டிய பெரிய விஷயங்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் இருபது நிமிடம் அவரோடு உட்காருங்கள், மூன்று மாதத்துக்குத் தவறாமல். இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது, யாரோடு பேசத் தயங்கினீர்கள், நான் எதில் குறுக்கே வந்தேன். மூன்றாவது கேள்விக்கு முதல் ஒரு மாதம் பதிலே வராது. அவருடைய ஆட்கள் நேராக உங்களிடம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் ஒரு தடவை அவரைத் தாண்டி முடிவு சொன்னால் போதும், அடுத்த நாளிலிருந்து எல்லாரும் உங்கள் கதவுக்குத்தான் வருவார்கள்.

படி 7: வகுப்புகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூஎஸ்கியூ (அரசாங்கம் அங்கீகரித்த வேலைத் திறன் பயிற்சி) வகுப்புகளில் மேற்பார்வை, தகவல் தொடர்பு பற்றி நல்லவை இருக்கின்றன. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி கூடுதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை (பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தருவது) உண்டு, அதைத் தொடாமலே வைத்திருப்பவர்கள் எங்கள் கம்பெனியிலேயே பலர். ஆனால் பட்டம் கொடுத்து இரண்டு மாதமாவது ஆன பிறகு அனுப்புங்கள், அப்போதுதான் கேட்பதற்கு அவரிடம் கேள்வி இருக்கும். பெர்மிட் ஆட்களுக்குச் செலவு செய்யத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்று பெர்மிட்டுக்கு இருந்த உச்சவரம்பு 2025 ஜூலையில் எடுக்கப்பட்டுவிட்டது. எப்படியும் போய்விடுவான் என்ற பழைய சாக்கு இனிமேல் செல்லாது.

படி 8: சரியாக வரவில்லை என்றால்

திரும்பி வர ஒரு வழி வைத்திருங்கள். பழைய சம்பள நிலை, பழைய வேலை, முகம் சுளிக்காமல். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அவமானமாக இருக்காது. எங்களிடம் ஒருவர் ஐந்தாவது வாரத்தில் வந்து, "சார், எனக்கு மெஷினோட பேசுறதுதான் வருது, மனுஷனோட வரலை" என்றார். நல்லது என்று கைகொடுத்தேன். இப்போது சிக்கலான பழுதுகளுக்கெல்லாம் அவர்தான், புதியவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு தனித் தொகையும் வாங்குகிறார். ஆட்களை மேய்க்காமலே சம்பளம் உயர ஒரு வழி இருந்தால்தான், விருப்பமில்லாதவர்கள் பணத்துக்காகச் சூப்பர்வைசராக வரமாட்டார்கள். என் சில்லர்க்காரருக்கு நான் அதைச் செய்யவில்லை.

படி 9: நீங்கள் இரண்டு வாரம் இல்லாமல் பாருங்கள்

வளர்த்த ஆள் உண்மையில் வளர்ந்திருக்கிறாரா என்பதற்கு இதைவிட மலிவான சோதனை இல்லை. ஊருக்குப் போங்கள். எவ்வளவு தொகை வரை அவரே முடிவெடுக்கலாம், எதற்கு மட்டும் உங்களைக் கூப்பிடவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், வருகிற அழைப்புகளை எண்ணுங்கள். முதல் வருடம் தீபாவளிக்கு நான் திருச்சி போனபோது 31 அழைப்பு. அடுத்த வருடம் அதே இரண்டு வாரத்தில் நான்கு. அந்த நான்கில் ஒன்று, ஸ்டோர் சாவி எங்கே என்று கேட்டு. சாவி என் சட்டைப் பையில், திருச்சியில் இருந்தது.